திறக்காத ஷேரிங் ஃபோல்டர்

புத்தாண்டு கழிந்து கடை திறந்த அன்றைக்கே அடக்க ஆராதனைத் தாள் அடிக்கும் வேலை வந்துவிட்டது. தக்கலையில் ஜெயசிங்கின் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவள் பிரிஜா. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, டைப்பிங் படித்து இங்கே வந்தவள். பேச்சு குறைவு. இரண்டாம் முறை கேட்க வெட்கப்பட்டே, முதல் முறை காட்டுவதை உற்றுப் பார்த்து மனதில் வைத்துக்கொள்வாள்.

இறந்தது, தாள் அடிக்க வந்திருந்த ஜெபசீலனின் அம்மா. மூன்று மணிக்கு ஆராதனை. தாளின் முகப்பில் படம், உள்ளே பாட்டுகள். கடைசிப் பாட்டு அந்த அம்மா தானே கட்டியது. எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் கிடையாது.

"தாள் இல்லன்னா அதை ஒருத்தருக்கும் பாட முடியாது. அம்மைக்க கடைசி ஆசை அது ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு ஜெபசீலன் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார், வாசல் வரை போனார், மறுபடி வந்து உட்கார்ந்தார்.

பிரிஜா வேலை செய்வது துபாயிலிருந்து முதலாளியின் தம்பி கொண்டுவந்த மேக்கில். அச்சு எந்திரமோ, அதை ஓட்டும் பையன் பெர்லினின் விண்டோஸ் கம்ப்யூட்டரோடு சேர்ந்தது. இவள் முடித்த பக்கத்தை அங்கிருக்கும் ஷேரிங் ஃபோல்டரில் போடுவாள், பெர்லின் எடுத்து அடிப்பான். அன்றைக்கு அந்த ஃபோல்டர் திறக்கவில்லை. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பழையதை அடித்தாள். சின்னப் பெட்டி இடமும் வலமுமாகத் தலையாட்டியது.

பெர்லின் வயரைக் கழற்றி மாட்டினான். இரண்டையும் அணைத்துப் போட்டான். பென்டிரைவ் செருகலாமென்றால் மேக்கில் அதற்கு ஏற்ற துளை கிடையாது. இடையில் மாட்டும் அடாப்டரை முதலாளியின் மகள் கல்லூரிக்கு எடுத்துப் போயிருந்தாள். ரோடு தோண்டியதில் நெட்டும் இல்லை. போன் வழியாக அனுப்பிப் பார்த்தார்கள். அது பாதியில் நின்றது.

"ஏட்டி, எனக்க கம்ப்யூட்டர்ல நான் உள்ள கேறுகேன்லா. ஒனக்க ஆப்பிளுக்குத்தான் பவுசு," என்றான் பெர்லின்.

பிரிஜா அவன் விரல்களையே பார்த்தாள். கம்ப்யூட்டரைத் திறக்க அவன் நான்கு எண்களை மட்டுமே அடித்தான். அந்த எண், அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து திறக்கிறவனுக்கு மட்டுமானது. வயர் வழியாக வேறு கம்ப்யூட்டரிலிருந்து வருகிறவர்களிடம் அது பாஸ்வேர்டுதான் கேட்கும். பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருந்தால் பெர்லினுக்குத் தெரியவே தெரியாது.

மாற்றுகிறவர் முதலாளி ஜெயசிங். புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு பைபிள் வசன அட்டை எடுப்பார்கள்; அப்படி அவருக்கு விழும் வாக்குத்தத்த வசனத்தின் அதிகார எண்ணும் வசன எண்ணும்தான் ஒவ்வொரு வருடமும் பாஸ்வேர்டு. இந்த வருடம் சொல்ல மறந்து, இறந்த வீட்டில் பாடப் போய்விட்டார். போனை அணைத்து வைத்திருந்தார்.

சுவரில் புதிய வசன அட்டை ஒட்டியிருந்தது. அதிலிருந்த எண்களை அடித்தாள். பெட்டி தலையாட்டியது. எண்களுக்கு நடுவே புள்ளி வைத்தாள், கோடு வைத்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. ஜெபசீலன் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சுவிடுவது கேட்டது.

இனி முதலாளியின் மனைவி தேவகனியைத்தான் கூப்பிட வேண்டும். அந்த அம்மாளிடம் பிரிஜா இதுவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

இறந்த வீட்டில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே தேவகனி குசுகுசுவென்று பேசினாள். விஷயம் கேட்டதும் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"செவுத்துல இருக்கது எனக்கு விழுந்தது பிள்ளே. அவருக்கு விழுந்தது கோவத்த அடக்கச் சொல்லுற வசனமாக்கும். கடையில ஒட்டுனா பெர்லின் சிரிப்பான்னு என்னதை எடுத்துட்டுப் போனாரு. ஆனா கம்ப்யூட்டர்ல அவருக்குள்ளதத்தான் போட்டிருப்பாரு, தெய்வ பயம் உண்டுல்லா."

எண்களைச் சொன்னாள். பிரிஜா அடித்தாள். ஃபோல்டர் திறந்தது.

தாள்கள் சூட்டோடு விழ விழ மூவரும் மடித்தார்கள். பெர்லினின் பைக்கில் தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பிரிஜா உட்கார்ந்தாள். முன்னால் ஜெபசீலனின் வண்டி பறந்தது. பாதி வழியில் கடைசிப் பாட்டின் மூன்றாம் சரணத்தில் ஜெபசீலன் காட்டிய பிழையைத் திருத்தினோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஓடும் வண்டியில் கட்டைப் பிரிக்கவும் முடியாமல் தவித்தாள்.

கோயிலில் முதல் பாட்டு தொடங்கியிருந்தது. தாள்கள் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறின. வாசற்படியில் நின்றே சரணத்தைத் தேடிப் படித்தாள். திருத்தம் ஏறியிருந்தது.

கடைசிப் பாட்டு வந்தபோது சபை தாளைப் பார்த்துக்கொண்டு நின்றது. வார்த்தை கையில் இருந்தது, ராகம் யாருக்கும் தெரியவில்லை. பிரிஜா தூணைப் பிடித்துக்கொண்டாள். ஜெபசீலன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தொண்டை கரகரக்க முதல் அடியைத் தனியாகப் பாடினார். இரண்டாம் முறை பாடும்போது முன்வரிசைப் பெண்கள் சேர்ந்தார்கள். மூன்றாம் சரணத்துக்கு வரும்போது பின்பெஞ்சுகளும் பாடின.