பாட்டில் மூடியில் குடியிருந்த நண்டு

அரசு ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். போர்ட் பிளேரில் வீடு கிடைத்தவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். கிடைக்காதவர்கள் இன்றும் மார்க்கெட்டில் பார்த்தால் நின்று முறைக்கிறார்கள். விதிகளை நான் எழுதவில்லை. எழுதியவர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஓய்வு பெற்றதோடு இந்த நோய் தீரும் என்று என் மனைவி நம்பினாள். லம்பா லைனில் சொந்த வீட்டுக்குக் குடிவந்த ஆறாம் மாதமே அந்த நம்பிக்கை போயிற்று.

எங்கள் தமிழ்ச் சங்கம் ஹேடோவில் ஒரு நர்சரி நடத்துகிறது. துறைமுகக் குடியிருப்புக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதன் டீச்சர் மேல் ஆறு பெற்றோர் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்திருந்தார்கள். ஐந்து மாதமாகப் பிள்ளைகள் விளையாடுகின்றன. ஓர் எழுத்தும் தெரியவில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டால் டீச்சர் பதில் சொல்வதில்லை. சங்கத் தலைவர் தாளை என்னிடம் நீட்டி, "நீங்க விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் குடுங்க சார். இந்த மாசத்தோட அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட் முடியுது. நீங்க வேணாம்னு எழுதினா அடுத்த கப்பல்ல கச்சால் போயிடும்" என்றார், வானிலை அறிக்கை வாசிப்பதுபோல.

டீச்சர் கச்சால் தீவுக்காரர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். கச்சாலுக்குப் போனால் பால்வெட்டு தவிர வேறு வேலை கிடையாது என்பதும், இந்தச் சம்பளத்தில் இங்கே ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறார் என்பதும் தலைவர் சொல்லித் தெரியும். ஆனால் விசாரணை அதிகாரிக்கு இதெல்லாம் பொருட்டல்ல. உண்மையைச் சொன்னால், ஹேடோவுக்கு ஆட்டோவில் போகும்போதே பாதகமான அறிக்கையின் முதல் இரண்டு பத்திகள் மனதில் தயார்.

முன்னறிவிப்பில்லாத ஆய்வு என்பதால் முன்னறிவிக்காமல் நுழைந்தேன். பன்னிரண்டு குழந்தைகள் ஒரு பழைய மீன் பெட்டியைச் சுற்றிக் குப்புறப் படுத்திருந்தார்கள். வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி, பாதியளவு ஈர மணல். தமிழ், வங்காளி, தெலுங்கு எல்லாம் கலந்த கூட்டம். அங்கே சண்டை போட இந்தி, அழ அவரவர் தாய்மொழி.

பெட்டிக்குள் நான்கு நண்டுகள். காலிச் சங்குச் சிப்பிக்குள் உடம்பை நுழைத்துச் சுமந்து திரியும் கரைநண்டுகள். புத்தகத்தில் இதற்குத் துறவி நண்டு என்று பெயர். வீட்டுக்காக இப்படி அலையும் பிராணிக்கு அந்தப் பெயரை வைத்தவர் துறவியையும் பார்த்திருக்கமாட்டார், நண்டையும் பார்த்திருக்கமாட்டார். மூன்று நண்டுகள் சிப்பிக்குள் இருந்தன. நாலாவது, எல்லாவற்றிலும் சிறியது, நீல நிறப் பாட்டில் மூடி ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தது.

"பாடத்திட்டம் எங்கே?" என்று கேட்டேன்.

டீச்சர் ஒரு நோட்டை நீட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் தேதி, அடியில் கேள்விகள் மட்டும். 'இது ஏன் மூடி போட்டிருக்கு?' 'மூடிக்குள்ள மழை வருமா?' 'இதுக்கு அம்மா வீடு எங்க?'

"பதில்கள்?"

"அதுக வந்ததும் எழுதுவோங்க சார்."

"யார் கொண்டுவருவார்கள்?"

"புள்ளைங்கதாங்க. நேத்து காலு எத்தனைன்னு பெரிய சண்டை. எட்டுன்னு ஒருத்தன், பத்துன்னு ஒருத்தி. ரெண்டு நாளா எண்ணுறாங்க. பத்து வரைக்கும் எல்லாருக்கும் வந்துருச்சு." கொஞ்சம் தயங்கி, "நான் பத்துன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே மறந்துருப்பாங்க" என்றார்.

இதை நான் குறித்துக்கொண்டேன். எந்தப் பக்கத்தில் குறிப்பது என்றுதான் தெரியவில்லை.

கரையில் சிப்பி பொறுக்குவது இங்கே சட்டப்படி குற்றம் என்று எச்சரித்தேன். "தெரியுங்க சார். நாங்க ஒண்ணும் பொறுக்கல. வாளியடியில வைக்கிற தேங்காத் துருவலுக்கு அதுகளா வருதுக. மத்தியானம் விட்டுருவோம், மறுநாள் அதே நாலும் திரும்பி வந்துருதுக" என்றார். அதற்குள் ஒரு குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாதாஜி, உங்க வீட்டு ஷோகேஸ்ல சிப்பி இருக்கா?" என்றது. போர்ட் பிளேரில் ஷோகேஸ் உள்ள எந்த வீட்டில் இல்லை? நான் பதில் சொல்லவில்லை. அந்த அறையில் அதுதான் வழக்கம் என்று தெரிந்துவிட்டது.

வாசலில் ஒரு பெண் காத்திருந்தார். புகாரில் முதல் கையெழுத்து அவருடையது. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். "சார், நீங்களாவது கேளுங்க. பக்கத்து வீட்டுப் புள்ள ஸ்மால் லெட்டர் எல்லாம் முடிச்சிடுச்சு. ஏப்ரல்ல ஒண்ணாங்கிளாஸ் இன்டர்வியூ. எம் பொண்ண பேரு கேட்டா தரையைப் பாக்குது. வீட்ல ரெண்டு வார்த்தைக்கு மேல கிடையாது."

புகார்தாரர் முன்னிலையில் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.

புதன்கிழமை மனைவியின் கொலுப் பெட்டியைத் திறந்தேன். கொலுவில் கடற்கரை அமைப்பதற்காக அரசு எம்போரியத்தில் வாங்கிய சிப்பிகள் அதில் இருந்தன. ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. அந்த விஷயத்தில் நான் சுத்தம். எலுமிச்சை அளவில் சங்கு வடிவில் அழகான ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பணியில் இருந்தவரை கருணை அடிப்படையில் வரிசை தாண்டி ஒருவருக்கும் வீடு கொடுத்தவனில்லை. பாட்டில் மூடியில் குடியிருக்கும் ஒரு ஜீவனுக்கு முதல்முறையாகக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

வியாழக்கிழமை அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே நின்றார். நான் மணலில் சிப்பியை மூடி நண்டின் முன்னால் வைத்தேன். குழந்தைகள் பெட்டியின் விளிம்பில் முகத்தை வைத்தார்கள். நண்டு வந்தது. கொடுக்கால் சிப்பியின் வாயைத் தடவியது, உள்ளே எட்டிப் பார்த்தது, பிறகு மூடியோடு திரும்பி நடந்தது. விண்ணப்பதாரர் ஒதுக்கீட்டை நிராகரித்துவிட்டார். மறுபடி எடுத்து அதன் முன்னால் வைத்தேன். மறுபடி போய்விட்டது.

"அதுக்கு அது பெருசு."

சொன்னது பெட்டியின் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி. என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரிய வீடு நல்லதுதானே?" என்றேன்.

"தூக்க முடியாது. உள்ள ஆடும்." விரல் நுனியால் மணலில் நான்கு வட்டங்கள் போட்டாள், பெரிதிலிருந்து சிறிது வரை. "இந்தச் சிப்பி பெரிய நண்டுக்கு. அது இதுல போனா அதோட வீடு காலி. அதுல ரெண்டாவது போகும். அப்புறம் மூணாவது. கடைசில மூடி நண்டு போகும். தாதாஜி, நீங்க எடுத்து எடுத்து வைக்காதீங்க. ருக்கோ, அதுகளே வரும்."

ருக்கோ என்றால் பொறு என்று அர்த்தம். அந்தச் சொல்லை நான் ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை.

"இதெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"இல்லீங்க. எனக்கே இப்பத்தான் தெரியுது. மூணு நாளா மணல்ல வட்டம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. என்னான்னு நான் கேக்கல."

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பாதிக் குழந்தைகள் கட்டை அடுக்கப் போய்விட்டார்கள். அப்புறம் பெரிய நண்டு வந்து சிப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. இரண்டாவது அதன் பின்னால் வந்து பிடித்துக்கொண்டது, அதன் பின்னால் மூன்றாவது, கடைசியில் மூடி. ரேஷன் கடை வரிசையேதான். பெரியது வெளியே நழுவிப் புது வீட்டுக்குள் போனது. பின்னால் இருந்தவை ஒன்றையடுத்து ஒன்றாக, கண் இமைக்கும் நேரத்தில் மாறின. மணலில் நீல மூடி மட்டும் கிடந்தது.

எங்கள் அலுவலகத்தில் இதற்குச் சங்கிலிக் காலியிடம் என்று பெயர். ஒருவர் பெரிய வீட்டுக்குப் போனால் அவர் விட்டது அடுத்தவருக்கு, அவர் விட்டது அதற்கடுத்தவருக்கு. என் அனுபவத்தில் ஒரு சங்கிலிகூட ஒரு வழக்கும் இரண்டு மொட்டைக் கடிதமும் இல்லாமல் முடிந்ததில்லை.

சிறுமி எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பியபோதுதான் அம்மாவைப் பார்த்தாள். "நாலும் மாறிடுச்சும்மா" என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "இவ இவ்வளவு பேசுவாளா?" என்றார். பிறகு டீச்சரிடம், "இன்டர்வியூல நண்டு கேக்க மாட்டாங்களே" என்றார். குரலில் புகார் பாதிதான் இருந்தது.

"கேக்க மாட்டாங்கக்கா. எழுத்தும் வரும். அதுவும் கேள்வியாத்தான் வரும், பாருங்க."

அறிக்கையை அன்று சாயங்காலமே எழுதினேன். பிள்ளைகள் விளையாடுகின்றன என்ற புகார்: உண்மை. டீச்சர் பதில் சொல்வதில்லை என்ற புகார்: உண்மை. எழுத்து தெரியவில்லை என்ற புகார்: இன்றைய தேதியில் உண்மை. பரிந்துரை: ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிக்கலாம். தலைவர் இரண்டு முறை படித்துவிட்டு, "மூணும் உண்மைன்னா எப்படி சார் நீட்டிக்கிறது?" என்றார். விசாரணை அதிகாரியின் பரிந்துரையை ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியை எடுத்துச் சொன்னேன். அப்படி ஒரு விதி சங்கத்தில் இல்லை. அது அவருக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டார், வெள்ளிக்கிழமைகளில் எழுத்துப் பயிற்சி என்ற நிபந்தனையோடு. டீச்சர் அதை ஒப்புக்கொண்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள். "கொலுப் பெட்டில பெரிய சிப்பி ஒண்ணைக் காணோம். எடுத்தீங்களா?"

"ஒதுக்கீடு ஆகிவிட்டது."

"யாருக்கு? நவராத்திரிக்கு எனக்கு வேணும்."

"குடியேறியவரை நோட்டீஸ் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது."

"நோட்டீஸ் குடுங்க" என்றாள். கொடுக்கவில்லை. நவராத்திரி வந்தபோது கொலுக் கடற்கரையில் அந்தச் சிப்பி இருக்க வேண்டிய இடத்தில் நர்சரியிலிருந்து நான் எடுத்துவந்திருந்த நீல மூடியை வைத்தோம். வந்தவர்களெல்லாம் அது ஏன் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.