பட்டாபி வாங்கிய கறுப்பு பிரேம்

ஸ்ரீவராகம் பட்டாபிக்குப் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். ஒரே பெண் நாகலக்ஷ்மியைத் தொலைவில் மலையடி ஊரான வித்துராவில் கட்டிக்கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காத ஏக்கத்தில் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். காலையில் வித்துரா போகிற பஸ் மறுநாள்தான் திரும்பும். சம்பந்தி வீட்டில் எப்படித் தங்குவது? பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்வரை அவள் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது குடும்ப வழக்கம். "இந்தக் காலத்துல இதெல்லாம் யார் பாக்கறா?" என்று மனைவி சூடாமணி சொல்லிப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. ஒரே நாளில் போய்த் திரும்ப சைக்கிள் வாங்கக் கிளம்பிவிட்டார்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் நேசையன் பழைய சைக்கிள் பிரேம்களை வாங்கி, சக்கரம் பூட்டி விற்பவர். கடையில் ஒரு நீல பிரேம் தொங்கியது. எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போனது. சின்னது, ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். அதில் போய்ச் சம்பந்தி வாசலில் இறங்குவதாகப் பட்டாபி மனசுக்குள் நாலு தடவை இறங்கிப் பார்த்துவிட்டார்.

"எங்க வரைக்கும் போணும் சாமி?" என்றார் நேசையன்.

"வித்துரா. அன்னிக்கே திரும்பணும்."

"அங்க ஒறங்கிட்டு மெதுவா வந்தா போராதா?"

"பொண்ணாத்துல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் ஓய். ஒறங்கறதாவது."

நேசையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூலையிலிருந்து பெயிண்ட் உரிந்த கறுப்பு பிரேம் ஒன்றை இழுத்தார். "நீலம் கடைத்தெருவுக்குள்ள சுத்தறதுக்குக் கொள்ளாம். நெடுமங்காடு தாண்டினா ஒவ்வொரு குழியும் முதுகுல ஏறும். இது நீளம் கூடுதல். முன்சக்கரம் தள்ளி நிக்குது பாத்தியளா? குழியில அவ்வளவா குலுக்காது. பட்டினியா வாற ஆளுக்கு இதுதான் சரி."

பட்டாபிக்கு மனசே இல்லை. இரண்டுக்கும் சக்கரம் பூட்டச் சொல்லி, குண்டும் குழியுமான சந்தில் ஓட்டிப் பார்த்தார். நீலத்திலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கறுப்பை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வித்துரா போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. நாகலக்ஷ்மி மோர் கொண்டுவந்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, வழியில் வாங்கிய வாழைப்பழத்தை உரித்தார். அவள் வற்புறுத்தவில்லை. மோரைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச மாசம் பொறுத்துக்கோப்பா. தை பொறந்தா நீ இங்கயே சாப்பிடலாம்."

அவருக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. திரும்பும் வழியெல்லாம் மனிதர் அழுதுகொண்டே மிதித்தார்.