ரெஜினாவின் சின்னக் குரல்

இருமல் விடாமல் பிடித்ததால் போன வாரம் மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் இருக்கிற நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் அதிமதுரக் குச்சி ஒன்றை ஒடித்து, "வாயில போட்டு அடக்கிக்குங்க பெரியவரே" என்று கொடுத்தார். பல் இல்லாத வாயில் அதை எந்தப் பக்கம் அடக்குவது என்று யோசிப்பதற்குள் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. மண்ணும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அத்தோடு கொஞ்சம் மீன் வாசனையும் சேர்ந்தால் அது ரெஜினா. சிரிக்காதீர்கள். அவளே அப்படித்தான் சொல்லுவாள்.

அவளைச் சினிமாவில் பார்த்த ஒருசிலர் இன்னும் உயிரோடு இருக்கலாம். அவர்களுக்கு அவள் சந்தனவல்லி. மருமகளைப் பார்த்துக் கத்துகிற மாமியார், தோழிகளை விரட்டுகிற மூத்த ராணி என்று மூன்று நான்கு படங்களில் வந்தாள். நான் சொல்ல வருவது அதற்கு முன்னால் இருந்தவளைப் பற்றி.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டையில் மூன்றாவது பாரத்தோடு படிப்பு நின்றது. கணக்கு வாத்தியார் ஒரு நாள் "வெளியே போய் நில்" என்றார். நான் நிற்காமல் ரேணிகுண்டா வரைக்கும் போய்விட்டேன். பிறகு நாடகக் கம்பெனிகளோடு சுற்றி ஆர்மோனியம் கற்றுக்கொண்டேன்; எல்லோரும் என்னைக் கூப்பிடுகிற பெயரும் அதுவே ஆகிவிட்டது. கம்பெனி படுத்துவிட்டால் கிடைத்த வேலை. அப்படித்தான் இருபத்து நாலு வயதில், வெள்ளைக்காரர்கள் வந்து நடனம் ஆடுகிற ஓர் ஓட்டலில் ஐஸ் உடைக்கச் சேர்ந்தேன். பாளத்தை மரத்தூளிலிருந்து எடுத்துக் கழுவி, கோணியில் சுற்றிக் கட்டையால் அடிக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போகும். சாப்பாடு நன்றாக இருந்தது.

எங்கள் அறைக்கும் நடனக் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். அந்தப் பக்கம் கோவாக்காரர்கள் நாலு பேர் பாண்டு வாசிப்பார்கள். கூட நின்று பாடியவள் ரெஜினா; அங்கே அவள் பெயர் 'மிஸ் ஜினா'. பளபளவென்று கவுன், காதில் கல் தோடு. துரைமார்கள் அவளைக் கப்பலில் வந்தவள் என்று நினைத்தார்கள். அவளுடைய அம்மா அதே ஓட்டலின் பின்வாசலில் காலையில் வஞ்சிரமும் சங்கராவும் கொடுத்துவிட்டுப் போகிற சாந்தோம் மீன்காரி. மாதா கோயில் பாட்டுக் கோஷ்டியில் மகள் பாடியதைப் பாண்டுப் பிடில்காரர் கேட்டு அழைத்து வந்திருந்தார். இங்கிலீஷ் பாட்டெல்லாம் மனப்பாடம். அர்த்தம் பாதி தெரியாது.

"இன்னா பாட்டு அது, அழுவுற மாதிரி கீதே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? எங்கம்மா கூடைய எறக்கி வெச்சிட்டு ஒரு மூச்சு வுடுவா பாரு, அத்த நெனச்சிக்கினு பாடுவேன்."

தணிந்த குரல். குரலைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டுகிற தகரக் குழல் ஒன்றை வாயருகே பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் ஏதோ சொல்வது போலப் பாடுவாள். கூடத்தின் கடைசியில் இருப்பவனும் தனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொள்வான். நான் கட்டையைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். பட்லர் வந்து திட்டுவார்.

எல்லாம் ஒரு வருஷம்தான். கல்கத்தாவிலிருந்து வேறு பாண்டு வந்தது, பாட்டுக்காரியையும் அவர்களே கூட்டிவந்தார்கள். ரெஜினா வீட்டுக்குப் போனாள். எனக்கும் ஐஸ் அலுத்துவிட்டது.

சைதாப்பேட்டைக் கொட்டகையில் அப்போது ஒரு கம்பெனி இருந்தது. முதலாளியை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவருடைய கதாநாயகி கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டதால் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நைனா கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு நின்று கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சிதா? இன்னா ஆர்மோனியம், கொசு காதாண்ட வந்து பேசுற மாதிரி கீது. தரை டிக்கெட்காரன் கல்லு வுடுவான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் காலத்தில் கொட்டகையில் மைக் கிடையாது. கைக்குழந்தை அழும், சோடாக்காரன் கத்துவான், இதையெல்லாம் தாண்டிக் கடைசிக் கீற்று வரைக்கும் பாட்டு போக வேண்டும். ஆறு கட்டைச் சுருதிக்குக் குறைந்து பாடினால் பாட்டு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"மூணு மாசம் குடுங்க நைனா, நான் ஏத்திக் காட்டுறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

தினமும் விடிந்ததும் பட்டினப்பாக்கம் கரைக்குப் போவோம். கரையேற்றிப் போட்ட கட்டுமரத்தின்மேல் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு நான் உட்காருவேன். அவள் நாற்பது அடி தள்ளி, அலை காலில் படுகிற இடத்தில் நின்று பாட வேண்டும். அலைக்கு மேலே குரல் வந்தால் சரி. வராவிட்டால் நான் கையைத் தூக்கி, "கேக்கல, கேக்கல" என்பேன்.

"இன்னா ரெஜி, கடலுக்குக் காது செவுடா?" என்று வலை பிரிக்கிறவர்கள் கேட்பார்கள்.

"கடலுக்கு நல்லாத்தான் கேக்குது மாமா. ஆர்மோனியத்துக்குத்தான் செவுடு."

தொண்டை புண்ணாகும். அதிமதுரமும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டு மறுநாளும் வருவாள். ஒரு வாரம் பேச்சே வரவில்லை. அவள் அம்மா கூடையை இறக்கிவைத்து, "டேய், அது தொண்டைடா, சங்கு இல்ல" என்று என்னைத் திட்டினாள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். தொண்டை உடைந்தால்தான் சாரீரம் பிறக்கும் என்பது கம்பெனிக்காரர்களின் வேதம். நானும் அதை நம்பினவன்தான்.

சாரீரம் பிறந்தது. நைனா அவளுக்குச் சந்தனவல்லி என்று பெயர் வைத்தார். அவள் கொட்டகையில் எடுத்தால் சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டிக்காரன் மாட்டை நிறுத்துவான் என்று ஜனங்கள் சொன்னார்கள். மயிலாப்பூரிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா வாரம் தவறாமல் வருவார். "ஆத்துல பஜனைன்னு சொல்லிட்டு வந்துட்டேன், மானத்தை வாங்கிடாதேயும்" என்று என் காதில் சொல்லிவிட்டு முன் வரிசையில் உட்காருவார். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. அவளைவிட எனக்குத்தான் தலைக்கனம் அதிகம்.

அப்புறம் பேசும் படம் வந்தது. அடையாறில் ஒரு தோட்டத்துக்குள் ஸ்டூடியோ போட்டிருந்தார்கள். சந்தனவல்லிதான் கதாநாயகி என்று கூப்பிட்டனுப்பினார்கள். நடிப்பதும் பாடுவதும் ஒரே சமயத்தில், வெயில் வெளிச்சத்தில். வாத்தியக்காரர்கள் படத்தில் தெரியக்கூடாது; அதனால் நானும் தபேலாக்காரரும் ஒரு குரோட்டன்ஸ் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தோம். எறும்பு கடிக்கும், அசையக்கூடாது.

அவள் ஆறு கட்டையில் எடுத்தாள். ஒலிப்பதிவு செய்யும் பம்பாய்க்காரர் காதிலிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை டைரக்டர் தமிழில் சொன்னார். "அம்மா, கத்தாதீங்க. மைக் தலைக்கு மேலயே தொங்குது. பக்கத்துல இருக்கறவர் காதுல சொல்ற மாதிரி பாடினாப் போதும்."

அவள் முயற்சி செய்தாள். தணித்தால் குரல் இல்லை, வெறும் காற்று வந்தது. ஏற்றினால் பித்தளைச் சத்தம். நாலைந்து தடவை பார்த்துவிட்டுப் புதரைப் பார்த்துத் திரும்பினாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை.

"ஆர்மோனியம், அந்தச் சின்னக் கொரலு எங்க போச்சு?"

எனக்குப் பதில் தெரியும். குனிந்து ஆர்மோனியத்தின் துருத்தியைச் சாத்தினேன்.

டைரக்டர் நல்ல மனுஷர். மற்ற காட்சிகளை முதலில் எடுத்துவிடுகிறேன், ஒரு மாதம் கழித்து வாருங்கள், அப்போதும் வராவிட்டால் வேறு பெண்ணைப் போட வேண்டியிருக்கும் என்றார். ரெஜினா சாந்தோம் வீட்டுக்குப் போய், தொண்டை ஆறட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. மீன்காரி வீட்டில் ஒரு பெண் மௌனமாக இருப்பதை அந்தக் குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை; வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் போனால் கையால் உட்காரச் சொல்லுவாள், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழிந்தது. தோட்டத்தில் அதே இடம், அதே புதர். நான் சுருதியை நன்றாக இறக்கி வைத்தேன். அவள் வாயைத் திறந்தாள். வந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஓட்டலில் திரைக்குப் பின்னால் நின்று நான் கேட்ட அதே குரல், இந்தத் தடவை தமிழில், அர்த்தம் தெரிந்து. பல்லவி முடிந்தது. சரணத்துக்குப் போனாள். பம்பாய்க்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சரணத்தின் கடைசி வரியில் மாமரத்திலிருந்து ஒரு காகம் கத்தியது. ஒன்று கத்தினால் போதுமா, நாலைந்து சேர்ந்துகொண்டன.

அந்த ஸ்டூடியோவில் காக்கா விரட்டுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. கவண்கல்லோடு நாள் முழுக்க மரத்தடியில் நிற்பார். டைரக்டர் அவர்மேல் பாய்ந்தார்.

"நான் இன்னா சார் பண்ணுவேன்? பாட்டக் கேட்டுக்கினே இருந்துட்டேன்" என்றார் அந்த ஆள்.

திரும்பவும் எடுத்தார்கள். இரண்டாவது தடவை பாதி வரைக்கும் வந்தது. மூன்றாவது தடவை பல்லவியில் நின்றது. அதற்குப் பிறகு காற்றுதான். மறுநாள் அவளை மூத்த ராணியாக்கிவிட்டார்கள். அந்த வேஷத்துக்குப் பாட்டு இல்லை, அதட்டல் மட்டும்.

இரண்டு வருஷம் கழித்து மாம்பலம் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். ஷூட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேசும்போது நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், குரல் அவ்வளவு பெரிது. கடற்கரை விஷயத்தை ஆரம்பித்தேன்.

"வுடு ஆர்மோனியம். நீயா பாடினே? நான்தானே பாடினேன்" என்றாள். ரயில் வந்துவிட்டது.

அவள் போய்ப் பல வருஷமாகிறது. ஓட்டலில் அவளைக் கேட்ட துரைமார் கப்பலேறிவிட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் வீடுகள். அவள் நடித்த படங்களின் சுருள்களை யாரோ மொத்தமாக வாங்கி, பிலிமில் இருக்கிற வெள்ளிக்காக உருக்கினார்கள், மீந்ததை வளையல் செய்கிறவர்கள் எடுத்துப்போனார்கள் என்று கேள்வி. அந்தக் கத்துகிற ராணியும் இப்போது எங்கும் இல்லை. காகம் கத்திய அந்தப் பிலிம் துண்டு அதற்கெல்லாம் முன்பே, அன்று சாயங்காலமே குப்பைக்குப் போயிருக்கும். இதை மட்டும் மருந்தில் கழுவி ஒரு தடவை எங்களுக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று நான் கேட்டிருந்தால் பம்பாய்க்காரர் செய்திருப்பார். கேட்கத் தோன்றவில்லை. ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கூட்டம் வருவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.