அற்புதம் அக்கா கேட்ட ஸ்டூல்

அற்புதம் அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, சேரப்பணஞ்சேரியில், மகள் வீட்டில்.

அழுதுவிட்டுத்தான் போனை எடுத்தேன். எங்கள் பழைய ஸ்விட்ச் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் அப்போதைய சூப்பர்வைசர் எழுதியிருக்கிறார்... "நல்ல பெண்மணி. எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்."

படித்ததும் அழுகை நின்றுவிட்டது. உடம்பெல்லாம் எரிகிறது.

சார், அவர் பெயர் உங்களுக்கு எப்போது தெரிந்தது?

எண்பதுகளில் ஸ்ரீபெரும்புதூரில், அந்த அசெம்பிளி லைனில் நாங்கள் எல்லோரும் பெண்கள். யாருக்கும் பெயர் கிடையாது. நிற்கிற இடத்தின் நம்பர்தான் பெயர். "ஏய் ஏழு, இன்னா பராக்கு?" ஏழு நான். பக்கத்தில் எட்டு, அக்கா.

கேட்டுக் கேட்டு நாங்களும் ஒருத்தியை ஒருத்தி அப்படியே விரட்டினோம். அக்கா மட்டும் மாட்டார்.

"மல்லிகா, பாத்ரூம் போணும். வர்ற வரைக்கும் என் எடத்தையும் பாத்துக்கிறியாம்மா? முடியலன்னா சொல்லிடு, தப்பா நெனக்க மாட்டேன்."

முடியாது என்று சொன்ன நாட்களிலும் நிஜமாகவே தப்பாக நினைக்கவில்லை.

அப்போது எனக்கு வயிற்றில் ஏழு மாசம். நின்று நின்று கால் வீங்கி, செருப்பு நுழையாது... அக்காதான் போய்க் கேட்டார்.

"சார், மல்லிகாவுக்கு ஒரு ஸ்டூல் வேணும். இன்னிக்கே வேணும். குந்திகினு இதே வேலய செய்யும் சார்."

"ஏய் எட்டு, உனக்கு இன்னா வந்துச்சு? போய் வேலயப் பாரு."

அக்கா சத்தம் போடவில்லை. சாயங்காலம் எங்கள் ஒவ்வொருத்தியிடமும் வந்து பேசினார். மறுநாள் காலை உள்ளே வந்த ஒவ்வொருத்தியும் சூப்பர்வைசர் மேஜை முன்னால் நின்று அதே வார்த்தைகளைச் சொன்னாள். சார் போட்டு, மரியாதையாக. சொல்லிவிட்டு நேராக வேலைக்குப் போனாள். யாரை என்ன சொல்லித் திட்டுவார்?

சாப்பாட்டு பெல்லுக்கு முன்னால் ஸ்டூல் வந்துவிட்டது.

அடுத்த வாரமே அக்காவைக் கெரசின் வாஷிங்குக்கு மாற்றினார். பித்தளை பார்ட்ஸ் கழுவுகிற தொட்டி. வேலையை விடும்வரை அங்கேயேதான். விரல் தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார்.

என் பையன் பிறந்ததும் பார்க்க வந்தார். "என் கை குத்தும் மல்லிகா..." தூக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை நான் எப்படி மறப்பேன்?

அன்பாகப் பழகுவாராம். வெட்கமாக இல்லையா சார்?

இதை அதே குரூப்பில்தான் போடுகிறேன், படிப்பீர்கள் என்று தெரியும். ஒரு வேண்டுகோள். நாளை காலை சர்ச்சில் பூசை. வாருங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "அற்புதம், என்னை மன்னிச்சிடுங்க" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தப்பாக நினைக்க மாட்டேன் என்று சொல்ல, எனக்கு அக்கா மனசு கிடையாது.

போய் வாங்க அக்கா... உங்க எடத்த நான் பாத்துக்கிறேன்.