எண்ணெய் போடாத கதவு

எங்கள் வீட்டுப் பாத்ரூம் கதவுக்கு நான் பதினெட்டு வருடம் எண்ணெய் விடவில்லை. அது என் சோம்பேறித்தனம் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். கஞ்சத்தனம் என்று மாமனார் வீட்டில் பேசிக்கொண்டார்கள். உண்மை இரண்டையும்விடக் கேவலமானது. அந்தக் கதவுதான் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

நான் சினிமாவுக்குச் சத்தம் வைக்கிறவன். பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோ. கன்னடத்திலும் தமிழிலும் சின்னச் சின்னப் படங்கள் வரும். காலடிச் சத்தம், மழைச் சத்தம், அறை வாங்கும் கன்னத்தின் சத்தம் எல்லாவற்றையும் தனியாகப் பதிவுசெய்து படத்தில் ஒட்ட வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு பேய்ப்படம் வந்தது. பாழடைந்த பங்களாவின் கதவு திறக்க வேண்டுமாம். பெங்களூரில் பாழடைந்த பங்களாவுக்கு எங்கே போவது? பாழடைய விடாமல் இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிடுவார்களே! வாடகை வீட்டில் மழைக்கு ஊறிப்போன எங்கள் பாத்ரூம் கதவு இருந்தது. பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ரெக்கார்டரை வைத்துக் கதவை மெதுவாகத் திறந்தேன். அது அழுதது. உண்மையாகவே யாரோ அழுவதுபோல்தான் இருந்தது.

அந்தப் படத்தில் தியேட்டரே உறைந்து உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தப் பேய் வந்தாலும் எங்கள் பாத்ரூம் வழியாகத்தான் வந்தது. வேகத்தைக் குறைத்தால் பாதாளச் சிறைக் கதவு. கூட்டினால் சவப்பெட்டி மூடி. திருப்பிப் போட்டால் பேய் மூச்சு விடும் சத்தம். ஒரு படத்தில் கப்பல் மூழ்கியது, அதுவும் அந்தக் கதவுதான். எண்ணெய் விடச் சொல்லி மனைவி கேட்கும்போதெல்லாம், மழைக்காலத்தில் அழுகை இன்னும் நன்றாக இருக்கும், அதையும் பதிவுசெய்துவிடுகிறேன் என்று சமாளிப்பேன்.

அவள் பிரேசர் டவுனில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். நாள் முழுக்க உள்ளேயிருந்து வரும் அலறலைக் கேட்டுக்கொண்டே சிரித்த முகத்துடன் டோக்கன் கொடுப்பது அவள் வேலை. பயத்தின் சத்தம் அவளுக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் எந்த டைரக்டருக்கும் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கீரை ஆயும்போது, முடித்த காட்சியை லேப்டாப்பில் போட்டு ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிடுவேன். கை நின்றால் காட்சி தேறியது. நிற்காவிட்டால் மறுபடியும் உட்காருவேன்.

ஆரம்பத்தில் கை நின்றது. ஒருமுறை ஹெட்போனைக் கழற்றி வீசியே விட்டாள். வருடங்கள் போகப் போகக் கை நிற்காமல் கீரை ஆய்ந்துகொண்டே போனது. "எங்க கிளினிக்ல இதைவிட நல்லா கத்துவாங்க, அதுவும் சும்மா க்ளீனிங்குக்கு" என்பாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பேய்க்கு ஒரு சீசன் உண்டு, மாம்பழம் மாதிரி. என்ன, மாம்பழம் வருடா வருடம் வரும், இது சில வருடங்களுக்கு ஒருமுறை. எங்கோ ஒரு பேய்ப்படம் தெரியாத்தனமாக நன்றாக அமைந்து ஓடிவிடும். அடுத்த மாதமே ஊரில் இருக்கிற அத்தனை பேரும் பேய்ப்படத்துக்குப் பூஜை போடுவார்கள். முதல் வருடம் வெள்ளைப் புடவைப் பேய். அடுத்து, பேய்க்கு ஒரு பிளாஷ்பேக்: அது நல்ல பேய், வில்லன் நிலத்தைப் பிடுங்கிவிட்டான். அதற்கடுத்து, பயந்தால் குடும்பங்கள் வராது என்று நாலு காமெடியன்களைப் பங்களாவுக்குள் விடுவார்கள். அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுவதற்குள் இடைவேளை வந்துவிடும். பிறகு பேய் செல்போனில் வரும். கடைசியில் பேய் ஐட்டம் பாட்டுக்கு ஆடும். அத்தோடு சீசன் முடியும். "ஹாரர் எல்லாம் செத்துப்போச்சு சார்" என்று எல்லோரும் காதல் கதைக்குப் போவார்கள். சில வருடம் கழித்து மறுபடியும் வெள்ளைப் புடவை. இப்படி மூன்று சுற்று பார்த்துவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் புடவை மட்டும் இன்னும் வெளுப்பாகியிருக்கும், கதை இன்னும் சாயம் போயிருக்கும்.

போன வருடம் புதுச் சுற்று தொடங்கியபோது ஒரு டைரக்டர் வந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். பேய்ப்படத்தையும் ஆபீஸ் மாதிரியே நடத்தினார். எந்த நிமிடத்தில் எத்தனை அதிர்ச்சி என்று அட்டவணை கையில் இருந்தது.

"சார், மூணு நிமிஷத்துக்கு ஒரு 'டம்' வேணும் சார். ஆடியன்ஸ்க்கு பேஷன்ஸே இல்ல."

ஆனால் படத்தில் ஒரு காட்சி எனக்குப் பிடித்துவிட்டது. பட்டப்பகல். மருமகள் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறாள். பின்னால் வாசற்படியில் செத்துப்போன மாமியார் வந்து நிற்கிறாள். அவ்வளவுதான். ஓட்டமில்லை, ரத்தமில்லை. டைரக்டர் அங்கே கதவுச் சத்தமும் 'டம்'மும் கேட்டார். நான் எதுவுமே வேண்டாம் என்றேன். குழாயை நிறுத்தியதும் தண்ணீர்ச் சத்தம் நிற்க வேண்டும், கூடவே ஃபேன், ரோடு, அவள் மூச்சு எல்லாமே நின்றுவிட வேண்டும். நாற்பது விநாடி.

"நாப்பது செகண்டா! ஒர்க் அவுட் ஆகுமா சார்?"

"வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் பண்றாங்க" என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். உடனே ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலை ஹெட்போனை மாட்டினேன். முளைக்கீரை. தண்ணீர் நின்ற இடத்தில் அவள் கையும் நின்றது. தண்டு ஒன்று விரலிடுக்கில் அப்படியே இருந்தது. பிறகு அவள் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, எங்கள் சமையலறை வாசற்படியைப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. எத்தனை வருடம் கழித்து!

"இனிமே இந்த மாதிரி எல்லாம் எங்கிட்ட குடுக்காதீங்க, சொல்லிட்டேன்" என்று கோபமாக ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். நான் அன்று இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். இந்த வேலையில் என்னால் இன்னும் ஒருவரைப் பயமுறுத்த முடிகிறதா என்பதுதான் அப்போது எனக்கு ஒரே கேள்வி. பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு அவளைக் கட்டாயப்படுத்தி லீவு போடவைத்துக் கூட்டிப்போனேன். தியேட்டர் பாதி நிறைந்திருந்தது. மருமகள் குழாயை நிறுத்தினாள். சத்தம் நின்றது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். ஐந்து விநாடி ஆகியிருக்கும். சவுண்டைப் போடச் சொல்லிப் பின்வரிசையிலிருந்து ஒரு கன்னடக் குரல் கிளம்பியது.

"லோ, சவுண்ட் ஹாக்ரோ!"

அவ்வளவுதான், தியேட்டர் முழுக்க விசில். ஆபரேட்டர் சத்தம் போய்விட்டது என்று படத்தை நிறுத்திவிட்டார். கொஞ்சம் பின்னால் போய் மறுபடி ஓட்டினார். மறுபடி குழாய், மறுபடி அமைதி, மறுபடி விசில். நான் எழுந்து ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன்.

"சவுண்டே பர்த்தா இல்ல சார், இல்லி ஏனோ ப்ராப்ளம்" என்றார் மனிதர், சத்தம் வராததற்குக் காரணம் தேடி ஒயரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டே.

"ப்ராப்ளம் இல்ல சார், அது அப்படித்தான் செஞ்சிருக்கோம். வேணும்னே!"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேண்டுமென்றே சத்தமில்லாமல் ஒருவன் படம் எடுப்பானா என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் தெளிவாக இருந்தது. கூட்டம் நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தது. அவர் அந்தக் காட்சியையே தாண்டி அடுத்த காட்சியைப் போட்டுவிட்டார். மாமியார் வரவேயில்லை. பேய்ப்படம் பேயே வராமல் ஓடியது, ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் நிம்மதியாகப் பாப்கார்ன் சாப்பிட்டார்கள்.

அன்று மதியமே டைரக்டர் போன் செய்தார். "சார், நாலு தியேட்டர்ல இதே கம்ப்ளெய்ன்ட். உங்க அந்தக் கதவை வெச்சிடுங்க சார், ப்ளீஸ்."

வைத்தேன். மறுத்திருக்கலாம், மறுத்திருந்தால் வேறொருவன் வேறொரு கதவை வைத்திருப்பான் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த நாற்பது விநாடியில் கதவு அழுதது, 'டம்' விழுந்தது, படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அடுத்த ஞாயிறு, அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். கதவின் மூன்று கீல்களுக்கும் ஊற்றினேன். பாவம், கதவு என்ன செய்யும். ஆனால் என் ஆத்திரத்துக்கு வேறு யாரும் கையில் அகப்படவில்லை. நாலு தடவை ஆட்டினேன். சத்தமே இல்லை. அவளிடம் சொல்லவில்லை.

அவள் கீழே வந்து குளிக்கப் போனாள். நான் டீயை வைத்துக்கொண்டு போனில் படத்தைப் பற்றி வந்த கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். 'கிச்சன் சீன்ல அந்தக் கதவு சவுண்ட் வேற லெவல்' என்று ஒருவன் எழுதியிருந்தான். கீழே ஏகப்பட்ட இதயங்கள். எத்தனை நேரம் அதையே வெறித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. திரும்பினேன்.

வெள்ளை நைட்டி. விரித்த தலைமுடி. முகத்துக்கு நேராகக் குனிந்த ஒரு முகம். பதினெட்டு வருடமாக நான் உட்கார்ந்து கிண்டலடித்த அதே அலங்காரம்.

நான் போட்ட அலறலில் டீ தரையில் கொட்டியது. கீழ்வீட்டு அம்மா "ஏனாயித்து?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பதறிப் படியேறி வந்துவிட்டார். போனில் என்ன படிக்கிறேன் என்று எட்டிப் பார்க்க வந்த என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க கிளினிக்ல கூட இப்படி யாரும் கத்தினதில்லங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கதவு சத்தமே போடவில்லை என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போய்க் கதவை ஒருமுறை மூடித் திறந்தாள். கீலைத் தொட்டு விரலை மோந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"எண்ணெய் விட்டுட்டீங்களா? இனிமே சோத்துக்கு என்ன பண்றது?"

"பதிவு பண்ணின சத்தம் கம்ப்யூட்டர்ல இருக்கு. அடுத்த ரவுண்டுக்கும் அதேதான் கேப்பாங்க" என்றேன். தரையைத் துடைக்கத் துணியை எடுக்கும் முன் சமையலறை வாசற்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.