ஒழுகாத குழாய்

எதிர் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்தவர். வேலையை விட்டு எவ்வளவோ காலமாகியும் எங்கள் கட்டிடத்தில் அவர் பெயர் 'பைப்'தான். தினமும் காலையில் ஸ்பேனர் பையோடு தன் வீட்டு வாசலில் தானே நின்று மணி அடிப்பார். அவர் மனைவி கதவைத் திறப்பாள்.

"யாரு?"

"குழாய் ஒழுகுதுன்னு சொன்னீங்களாமே?"

"ஆமாங்க, சனியன் பிடிச்ச குழாய். உள்ள வாங்க."

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு மறதி நோய். மகளைத் தெரியும், என்னைத் தெரியும். கட்டின புருஷனைத் தெரியாது. கடவுளுக்கு வேறு வேலையே இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வரும். வீட்டுக்குள் யாரோ ஆம்பளை என்று ஒருநாள் அவள் போட்ட கூச்சலில் மனிதர் பனியனோடு மாடிப்படிக்கு ஓடி வந்தார். கல்யாணப் போட்டோவைக் காட்டிப் பார்த்தார். "இவருக்கு எவ்வளவு முடி! நீங்க யாரு?" என்றாள்.

யோசனை கொடுத்தது ஒரு பழைய இந்திப் படம். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்தது. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது, பாட்டெல்லாம் தலைகீழ்ப் பாடம். அதில் கதாநாயகன் கடிகாரம் ரிப்பேர் செய்பவனாக வேஷம் போட்டுக் காதலியின் வீட்டுக்குள் நுழைவான். வேலை முடிந்தால் அனுப்பிவிடுவார்களே? அதனால் தினமும் ஒரு திருகைக் கழற்றிவிட்டே போவான். கடைசிப் பாட்டில் அவள் அவனை அடையாளம் கண்டுகொள்வாள். மொத்தக் குடும்பமும் ஆடும்.

பைப்பும் அப்படியே செய்தார். அவள் எழுவதற்கு முன் குழாயின் வாஷரைத் தளர்த்திவிட்டு வெளியே வந்துவிடுவார். பிறகு கால் மணி நேர வேலையை அவள் தூங்கும் வரை இழுத்து, அங்கேயே ஓரமாகப் படுத்துக்கொள்வார். நடுவில் சமைப்பார், அவளுக்கு மாத்திரை கொடுப்பார்.

"வேலைக்காரர்னா இப்படி இருக்கணும்" என்று அக்கா என்னிடம் மெச்சிக்கொண்டாள்.

ஒருநாள் தொட்டிக்கு அடியில் தலையை விட்டபடி அந்தக் கடைசிப் பாட்டைப் பாடினார். அக்கா முகம் மலர்ந்து, தானும் இரண்டு வரி சேர்ந்து பாடினாள். அவர் வெளியே வந்து அவள் முகத்தையே பார்த்தார். வாசலில் நின்ற நானும் பார்த்தேன்.

"நல்லா பாடறீங்க. ஆனா என் வீட்டுக்காரர் வர்ற நேரம். சந்தேகப்படுவார், பேசாம வேலையைப் பாருங்க."

வாஷர் சங்கதியை அவர் மகளிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அம்மாவை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாளோ என்ற பயம். போன வாரம் வெளியூரிலிருந்து வந்தவள், அப்பா மருந்து வாங்கப் போயிருந்தபோது ஆள் கூப்பிட்டு எல்லாக் குழாயையும் மாற்றிவிட்டாள். வாஷரே இல்லாத புது ரகம்.

"இனிமே அப்பா குனிஞ்சு கெடக்க வேண்டாம் அத்தை. பத்து வருஷத்துக்கு ஒழுகாது" என்று படியில் என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

அவர் வந்து மணி அடித்தார்.

"குழாய் ஒழுகுதுன்னு..."

"அதெல்லாம் சரியாயிடுச்சுங்க. புதுசே போட்டாச்சு."

"பாத்ரூம்ல?"

"அங்கயும்தான். நீங்க போங்க, உங்க வீட்டுல தேடுவாங்க. எங்க வீட்டுக்காரரும் வர்ற நேரம்."

மருந்துப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டு தாழ் போட்டாள்.

"எங்க வீட்டுக்கு வந்து உக்காருங்கண்ணே" என்றேன்.

"வேண்டாம்மா" என்று படியில் உட்கார்ந்தார். "அவ வீட்டுக்காரன் வர்ற நேரமாம். வர்றானான்னு பாக்கறேன்."