துலுக்காத கிடா

எனக்குச் சாமி கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள், மீதிப் பேர் "வயசானாச் சரியாயிருமுங்க" என்பார்கள். ஐம்பத்து நான்கு ஆகிவிட்டது, இன்னும் சரியாகவில்லை. சங்ககிரியில் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைக்கிறேன். முகப்பில் முருகன் துணை, மாதா துணை என்று எது கேட்டாலும் ஒரு நூல் கோணாமல் எழுதிக் கொடுப்பேன். அதை நம்பி ஒருவன் நாக்பூர் வரை வண்டி ஓட்டப் போகிறான், அதில் நான் விளையாட முடியாது.

போன வருடம் புதுச்சத்திரத்துப் பக்கம் என் அக்கா வைத்த கிடா வெட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் மகன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்பவன். குழாய் விழுந்து கால் நசுங்கி எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அவன் எழுந்து நடந்தால் ஒரு கிடா கொடுப்பதாக அக்கா கருப்பனாருக்கு வேண்டிக்கொண்டாள். குட்டியாக வாங்கி, அவளே தழை ஒடித்துப் போட்டு வளர்த்தாள். பையனும் நடந்தான். கிடா வெட்டு முடிந்த மறுநாள் அவன் திரும்ப ரிக்குக்குப் போவதாக ஏற்பாடு.

எங்கள் பக்கத்தில் கிடாயைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது தானாக உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத் துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, இல்லாவிட்டால் ஏதோ குறை. என்னைக் கேட்டால் ஈரம் பட்ட ஆடு உதறத்தான் செய்யும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கருப்பனார் கோயில் வாசலில் கிடா துலுக்கவில்லை. மூன்று தடவை தெளித்தார்கள், மரம் மாதிரி நின்றது. அக்கா கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு, "என்ன குத்தமிருந்தாலும் பொறுத்துக்க சாமி" என்று முணுமுணுத்தாள்.

கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது. மில்லில் ஷிப்டுக்குப் போக வேண்டும் என்றார் ஒருவர். மசாலா அரைத்து வைத்துவிட்டுச் சமையல்காரர் எட்டி எட்டிப் பார்த்தார். அக்காவின் கொழுந்தனார், கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர், வருடம் தவறாமல் மாலை போடுபவர், சொம்போடு குனிந்தார். கிடாயின் காதை விரித்து உள்ளே தண்ணீரை ஊற்றினார். எந்த ஆடுதான் சும்மா நிற்கும்? உதறியது.

"துலுக்கிருச்சு!" என்று கூட்டம் கத்தியது.

"காதுக்குள்ள ஊத்துனீங்க, நான் பார்த்தனுங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

கொழுந்தனார் சிரித்தார். "ஏனுங் மச்சான், உங்களுக்குத்தான் சாமியே இல்லீங்களே. துலுக்குனா என்னுங்க, துலுக்காட்டி என்னுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லைதான், அக்காவுக்கு? சாமி இருக்கிறார் என்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே அவரை ஏமாற்ற இவர்களுக்கு எப்படி மனம் வந்தது? இல்லை என்கிற நான்கூட அந்தக் கோயிலில் இப்படி ஒரு அயோக்கியத்தனம் செய்ததில்லை.

அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"நீ சொல்லு தம்பி. தானாத் துலுக்குச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவள் நிம்மதியாகத் தூங்குவாள், பையன் வேலைக்குப் போவான். எதற்கு உதறினால் என்ன, ஆடுதானே என்று எனக்கே தோன்றியது. ஆனால் சாமி கும்பிடுகிற இத்தனை பேரை விட்டுவிட்டு அவள் என்னிடம் வந்து கேட்கிறாள்.

"இல்லீங்க்கா" என்றேன்.

அவள் கிடாயின் கயிற்றை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். சாமி இல்லை என்கிறவன் பேச்சைக் கேட்டுக் குடும்பம் கெடப் போகிறது என்று கொழுந்தனார் பின்னாலேயே கத்தினார். வந்தவர்கள் ரசச் சோறு தின்றுவிட்டு என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் பையனை அவள் ரிக்குக்கு விடவில்லை. "காலு நல்லாத்தான இருக்குதுங் மாமா. ஒரே ஒரு பொய்யிச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று அவன் என்னிடம் கேட்டான்.

வருகிற ஆடியில் அக்கா மறுபடி தண்ணீர் தெளித்துக் கேட்கப் போகிறாள். பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறாள்.